தென்னந்தோப்புக்கு இழுவைச் சங்கிலி: 10 எம்எம்மா, 16 எம்எம்மா?

பேராவூரணி_தென்னை

எல்லோருக்கும் வணக்கம். ஆறு ஏக்கர் தென்னை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் பாதி மரங்களைக் கொண்டுபோனது. தப்பியவற்றிலும் பல மரங்கள் குருத்து திருகிப்போய் வருடத்துக்கு வருடம் காய்ப்பு குறைந்தன. இந்த ஆண்டு அப்படி நாற்பது மரங்களை வெட்டிவிட்டோம். அடிக்கட்டைகளும் தண்டுகளும் தோப்புக்குள்ளேயே கிடக்கின்றன. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், பக்கத்தில் வைத்த இளங்கன்றுகளின் குருத்தை அரிக்கும். அதனால் சீக்கிரம் வெளியே இழுத்தாக வேண்டும்.

டிராக்டர் 45 எச்பி. டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் 10 எம்எம் சங்கிலி ஆறு மீட்டர் கிலோ கணக்கில் வாங்கினேன். "அஞ்சு டன் தாங்கும்" என்றார்கள். நான்கு தண்டுகளை இழுத்தது. ஐந்தாவதாக ஒரு அடிக்கட்டை. அசையவில்லை. கொஞ்சம் பின்னால் வந்து, சங்கிலியைத் தொய்யவிட்டு, ஓட்டி இழுத்தேன். மூன்றாவது தடவை அறுந்தது. அறுந்த முனை கொக்கியோடு பறந்து வந்து மட்கார்டில் அடித்தது. தேங்காய்த் தொட்டி அளவுக்குப் பள்ளம். இருக்கையிலிருந்து ஒரு முழ தூரம்தான்.

இப்போது கேள்வி: எத்தனை எம்எம் வாங்க வேண்டும்? 16 எம்எம் போட்டால் கவலை இல்லாமல் இருக்குமா?

---

கரிசல்காட்டான்

16 எம்எம் வாங்குங்கள், பிரச்சினை முடிந்தது. எங்கள் ஊரில் சீமைக்கருவேலம் புடுங்க அதுதான். அறுந்ததே இல்லை.

---

கிணத்துக்கடவு_தோட்டம்

அண்ணே, அந்தப் 16 எம்எம் சங்கிலியை யார் தூக்குவது? ஆறு மீட்டர் என்றால் முப்பது கிலோவைத் தாண்டும். நானும் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவும்தான் தோட்டத்தில் இருப்போம். ஒவ்வொரு கட்டைக்கும் அதைத் தூக்கி, சுற்றி, கழற்றி, மறுபடி தூக்கி... பத்தாவது கட்டையில் இடுப்பு போய்விடும். தூக்க முடியாத சங்கிலி கொட்டகையில்தான் கிடக்கும், வேலைக்குக் கயிறுதான் வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

---

துறைமுக_ரிக்கர்

தூத்துக்குடியில் சரக்கு தூக்கும் வேலையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தவன். இப்போது ஓய்வில் கொஞ்சம் விவசாயம். தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். அறுந்த சங்கிலியின் கண்ணியில் ஏதாவது எழுத்தோ எண்ணோ பதித்திருந்ததா? ஒவ்வொரு கண்ணியிலும் இருக்காது. அரை மீட்டர், ஒரு மீட்டருக்கு ஒரு முறை இருக்கும்.

நீங்கள் எம்எம் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியது கிரேடு. ஒரே 10 எம்எம்மில் எத்தனையோ சங்கிலி உண்டு.

---

பேராவூரணி_தென்னை

ஐயா, முழுச் சங்கிலியையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் இல்லை. கருப்பாக எண்ணெய் பூசியது போல இருக்கிறது. அறுந்த கண்ணி, வெல்டிங் இருக்கும் பக்கத்தில்தான் திறந்திருக்கிறது. உடைந்த முகம் பாதி கருப்பாக, பாதி வெள்ளி மாதிரி மினுமினுப்பாக இருக்கிறது.

---

பட்டறைக்காரன்

காங்கேயம் பக்கம் டிராக்டர் கலப்பை, டிரெய்லர் வேலை செய்கிறேன். அந்தக் கருப்புப் பாதி வாங்கும்போதே ஒட்டாத பாதி. மினுமினுப்பாக இருப்பது மட்டும்தான் அன்று உடைந்தது. அதாவது உங்கள் 10 எம்எம் சங்கிலி அந்த ஒரு கண்ணியில், வெல்டிங் பக்கம், பாதி இரும்பில்தான் வேலை பார்த்தது. நான்கு தண்டை இழுத்ததே பெரிது.

கேட்டுக்கு, கிணற்று மூடிக்கு, நாய்க்குக் கட்ட என்று செய்யும் சங்கிலி அது. கடைக்காரரிடம் கேட்டால் எதையும் "தாங்கும்" என்றுதான் சொல்வார். எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்.

---

துறைமுக_ரிக்கர்

பட்டறைக்காரர் சரியாகச் சொன்னார். இனி கிரேடு என்றால் என்ன என்பதை ஒரே தடவை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அவரவர் முடிவு.

கிரேடு 30 என்பது சாதாரண இரும்பு. கிரேடு 80 என்பது கலப்பு எஃகு, சூடாக்கிக் குளிர்வித்துப் பதம் ஏற்றியது. அந்த எண் சும்மா வைத்த எண் இல்லை. கிரேடு 80 சங்கிலி அறுவதற்கு முன் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 800 நியூட்டன் தாங்க வேண்டும், கிரேடு 30 என்றால் 300. கண்ணிக்கு இரண்டு கால் உண்டு, அதனால் பரப்பை இரண்டால் பெருக்க வேண்டும். 10 எம்எம்மில் கணக்குப் போட்டால் கிரேடு 30 ஏறக்குறைய 4.8 டன்னில் அறும். கிரேடு 80 ஏறக்குறைய 12.8 டன்னில்.

ஆனால் அறும் எடை வேறு, வேலை எடை வேறு. வேலை எடை, அதாவது பயமில்லாமல் ஏற்றக்கூடிய எடை, அறும் எடையில் நான்கில் ஒரு பங்கு. 10 எம்எம் கிரேடு 80 சங்கிலிக்கு அது 3.15 டன். 8 எம்எம் என்றால் 2 டன், 13 எம்எம் என்றால் 5.3 டன். உங்கள் கடைக்காரர் சொன்ன "அஞ்சு டன்" எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். நல்ல கிரேடு 30 சங்கிலி அறும் எடையைத்தான் தாங்கும் எடை என்று சொல்லியிருக்கிறார். அதுவும் உங்களுடையது கிரேடு 30கூட இல்லை.

கரிசல்காட்டாருக்கும் கிணத்துக்கடவு அம்மாவுக்கும் ஒரே பதில் இதில் இருக்கிறது. 16 எம்எம் கிரேடு 30 சங்கிலியின் வேலை எடை 3 டன் சொச்சம். 10 எம்எம் கிரேடு 80 சங்கிலிக்கும் அதேதான். முன்னது மீட்டருக்கு ஐந்தரை கிலோவுக்கு மேல், பின்னது இரண்டே கால் கிலோ. ஆறு மீட்டருக்கு 34 கிலோவா, 13 கிலோவா?

---

கிணத்துக்கடவு_தோட்டம்

13 கிலோ என்றால் ஒரு குடம் தண்ணீரைவிடக் குறைவு. தூக்கலாம்.

---

கரிசல்காட்டான்

ஐயா சொல்வது கணக்கில் சரி. ஆனால் எங்கள் பக்கம் சின்ன ஊர்க் கடையில் கிரேடு 80 என்று கேட்டால் முழிப்பார்கள். 16 எம்எம் எங்கும் கிடைக்கும். கிடைக்காத நல்லதைவிடக் கிடைக்கும் தடிமனே மேல்.

---

பட்டறைக்காரன்

ஊர்க் கடையில் கேட்கக் கூடாது. கிரேன், செயின் பிளாக், ஸ்லிங் விற்கும் கடையில் கேட்க வேண்டும். கோயம்புத்தூர், திருச்சி, சென்னையில் பாரிமுனைப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். "லிஃப்டிங் செயின், கிரேடு 80, டெஸ்ட் சர்டிபிகேட்டோடு" என்று கேளுங்கள். அந்தக் காகிதம் தருகிறேன் என்று சொல்லாத கடையில் வாங்காதீர்கள். கண்ணியில் 8, 80, 800 அல்லது ஆங்கில 'T' எழுத்து பதித்திருக்கும். பதித்திருக்க வேண்டும், பெயின்ட்டால் எழுதியிருக்கக் கூடாது.

இன்னொன்று. தங்கம் மாதிரி மஞ்சளாக மின்னும் சங்கிலி ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கிரேடு 70, லாரியில் இயந்திரங்களைக் கட்டி இறுக்கும் சங்கிலி. நல்ல சங்கிலிதான், இழுக்கவும் செய்யலாம். ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சாதாரண சங்கிலிக்கும் அந்தப் பூச்சு கொடுக்க முடியும்.

---

நாமக்கல்_லாரி

இந்த இழையில் எல்லோரும் சங்கிலி சங்கிலி என்கிறீர்கள். வண்டி மாட்டிக்கொண்டால் நாங்கள் சங்கிலியைத் தொடவே மாட்டோம். நைலான் கயிறுதான். சங்கிலி நீளாது, கொடுக்காது. கயிறு கொடுக்கும்.

---

கடைமடை

அந்தக் கொடுப்பதுதானே ஆபத்து அண்ணே? இழுத்த ரப்பர் மாதிரி. எங்கள் பக்கம் ஒரு கயிறு அறுந்து டிரெய்லர் கொக்கியையே பிடுங்கிக்கொண்டு போனது.

---

மெக்கானிக்கல்_மூன்றாமாண்டு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார், நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். முதல் பதிவில் அண்ணன் "தொய்யவிட்டு ஓட்டி இழுத்தேன்" என்று எழுதியதைப் படித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோராயம்தான்.

டிராக்டர் எடை 2 டன். நடை வேகம், மணிக்கு 5 கிலோமீட்டர். அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 1,900 ஜூல். கட்டை அசையவில்லை. சங்கிலியும் கொக்கியும் டிராபாரும் (டிராக்டரின் பின்னால் கீழே இருக்கும் இழுவைக் கம்பி) எல்லாம் சேர்ந்து ஐந்து சென்டிமீட்டர் கொடுத்து டிராக்டரை நிறுத்துகின்றன என்று வைப்போம். சராசரி விசை ஏறக்குறைய 4 டன் எடைக்குச் சமம். உச்சத்தில் அதன் இரு மடங்கு, 8 டன். அதாவது நல்ல கிரேடு 30 சங்கிலியாக இருந்திருந்தாலும் அன்று அறுந்திருக்கும்.

அதே டிராக்டர், அதே வேகம், ஒரு மீட்டர் நீளும் நைலான் கயிறு என்றால் உச்ச விசை ஏறக்குறைய 400 கிலோதான். நாமக்கல் அண்ணன் சொல்வது இதுதான். கடைமடை அண்ணன் சொல்வதும் சரிதான். கயிறு அந்த ஆற்றலைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது, அறுந்தால் மொத்தமும் வெளியே வரும்.

---

துறைமுக_ரிக்கர்

நல்ல கணக்கு தம்பி. இன்னொரு பக்கமும் சேர்த்துக்கொள்ளுங்கள். குலுக்காமல் மெதுவாக இழுத்தால், சங்கிலிக்கு எவ்வளவு வரும்? டிராக்டரால் இழுக்க முடிந்த அளவுதான் வரும். 2 டன் டிராக்டர், மண் தரையில், தன் எடையில் பாதியிலிருந்து முக்கால்வாசிக்குள்தான் இழுக்கும். அதற்குமேல் போனால் டயர் சுற்றும், அவ்வளவுதான். ஆக 1 டன்னிலிருந்து 1.5 டன். எச்பி எத்தனை என்பது இதில் பெரிதாக ஒன்றும் செய்யாது, எடையும் பிடிமானமும்தான். 10 எம்எம் கிரேடு 80 அதற்கு இரண்டு மடங்கு.

எனவே மெதுவாக இழுப்பவருக்கு 10 எம்எம் போதும். குலுக்கி இழுப்பவருக்கு 16 எம்எம்மும் போதாது. அறாத சங்கிலி போட்டால் அடுத்த பலவீனமான இடம் உடையும். கொக்கி, ஷேக்கிள் (பின் போட்டுப் பூட்டும் 'U' வடிவ வளையம்), டிராபார் பின் இதில் ஏதோ ஒன்று.

---

பேராவூரணி_தென்னை

ஐயா, அப்படியென்றால் அசையாத கட்டையை எப்படித்தான் எடுப்பது? மெதுவாக இழுத்தால் டயர் சுற்றுகிறது.

---

கிணத்துக்கடவு_தோட்டம்

இதற்கு நான் சொல்கிறேன் தம்பி. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடியில் குடம் மாதிரி இருக்கும் பகுதியிலிருந்து சல்லி வேர்கள் ஆயிரக்கணக்கில் நாலா பக்கமும் போகும். அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கட்டையைச் சுற்றி இரண்டடி ஆழம் கடப்பாரையால் மண் எடுத்து, இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் வேர்களை அரிவாளால் வெட்டிவிடுங்கள். முந்தின நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் வேலை பாதி.

மரத்தை அறுக்கும்போதே தரையோடு அறுத்துவிடாமல் நாலடி விட்டு அறுத்தால் அதுவே நெம்புகோல். மேல்முனையில் சங்கிலி கட்டி இழுத்தால் சாயும். நீங்கள் ஏற்கனவே தரையோடு அறுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் இதைச் செய்யுங்கள். பழைய டிராக்டர் பின்சக்கர ரிம் ஒன்றை, டயர் இல்லாமல், கட்டைக்கு ஒட்டி நிறுத்துங்கள். கட்டையின் அடியில் சங்கிலியைச் சுற்றி, ரிம்மின் மேல் வழியாக, அதன் பள்ளத்தில் உட்காரும்படி எடுத்து, டிராக்டருக்குக் கொண்டுவாருங்கள். டிராக்டர் முன்னே போகும்போது ரிம் மெல்ல உருளும், கட்டை பக்கவாட்டில் வராமல் மேலே வரும். பல் பிடுங்குவது மாதிரி. எங்கள் தோட்டத்தில் முதல் கட்டை அப்படி எழும்பியபோது வேர்கள் ஒவ்வொன்றாகப் படபடவென்று அறுவது டிராக்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ரிம்மை யாரும் கையால் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அது சரியும்போது கூடவே ஆளையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் மண் அணைத்து நிறுத்திவிட்டு விலகிவிடுங்கள்.

---

கரிசல்காட்டான்

ரிம் யோசனை அருமை. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. 16 எம்எம் ரிம் பள்ளத்தில் உட்காருமா என்று பார்க்கிறேன்.

---

கடைமடை

டிராக்டரில் எங்கே மாட்டுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே? எனக்கு அதுதான் முக்கியம்.

எங்கள் சித்தப்பா. வேதாரண்யம் பக்கம், ஒரு பனை அடிக்கட்டை. டிராபாரில் மாட்டினால் சங்கிலி தரையில் உரசுகிறது என்று டாப் லிங்க் (கலப்பையை மேலிருந்து பிடிக்கும் கம்பி) மாட்டும் இடத்தில், மேலே, மாட்டினார். கிளட்சை விட்டார். கட்டை அசையவில்லை, டயரும் சுற்றவில்லை, முன்சக்கரம் எழும்பியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "ஏய்" என்று கத்தி முடிப்பதற்குள் டிராக்டர் மல்லாந்துவிட்டது. ஒன்றரை வினாடிகூட ஆகியிருக்காது. ஓட்டுபவனுக்குக் கிளட்சை மிதிக்க நேரமே கிடையாது. நல்ல வேளை, வரப்பு ஓரப் பள்ளத்தில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கை. இப்போது நடக்கிறார், டிராக்டரில் ஏறுவதில்லை.

பின் அச்சுக்கு மேலே எங்கும் மாட்டக் கூடாது. அச்சு உறையிலும் சுற்றக் கூடாது. டிராபார் ஒன்றுதான். கீழே இருப்பதால், இழுக்கும் விசை முன்சக்கரத்தைத் தூக்குவது குறையும்.

---

பட்டறைக்காரன்

இதைப் பெரிய எழுத்தில் போடவேண்டும். என் பட்டறைக்கு வரும் டிராக்டர்களில் டாப் லிங்க் பிராக்கெட்டில் சங்கிலி உரசிய தழும்பு எத்தனையோ பார்த்திருக்கிறேன். கேட்டால் "எப்பவாவது ஒரு தடவை" என்பார்கள்.

தண்டு முனை மண்ணில் குத்தி மூக்கு நுழைந்துகொள்வதால்தான் ஆட்கள் மேலே மாட்டப் பார்க்கிறார்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. தண்டின் முன்முனையைக் கோடரியால் கீழ்ப்பக்கம் படகு மூக்கு மாதிரி சரிவாகச் செதுக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

---

கிணத்துக்கடவு_தோட்டம்

அடியில் பச்சை மட்டையை வரிசையாகப் போட்டால் தண்டு வழுக்கிக்கொண்டு போகும். தோப்பில் மட்டைக்கா பஞ்சம்.

---

பேராவூரணி_தென்னை

சங்கிலி சரி, கொக்கி? கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று வாய் ஒடுக்கமாக, இன்னொன்று அகலமாக. அப்புறம் அறுந்த கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொள்ளலாமா? மீதி ஐந்தரை மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது.

---

பட்டறைக்காரன்

வெல்டிங் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பழைய சங்கிலிக்கு நான் வெல்டிங் வைத்துத் தருவேன், ஆனால் இழுக்க என்று சொன்னால் தரமாட்டேன். கிரேடு 80 சங்கிலியைக் கொண்டுவந்தால் டார்ச்சையே பற்றவைக்கமாட்டேன். அதன் பலமே சூடாக்கி ஏற்றிய பதத்தில் இருக்கிறது. வெல்டிங் வைத்தால் அந்த இடம் ஒரு பக்கம் மொறுமொறு, ஒரு பக்கம் மெதுமெது. வெளியே பார்த்தால் அழகாக இருக்கும். சக பட்டறைக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

இணைக்க வேண்டுமென்றால் கிரேடு 80க்கென்றே சுத்தியால் அடித்துப் பூட்டும் இணைப்புக் கண்ணி விற்கிறது. நடுவில் ஒரு பின் இருக்கும்.

---

துறைமுக_ரிக்கர்

கொக்கி: வாய் ஒடுக்கமானது சங்கிலியின் ஒரு கண்ணியைப் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும், நகராது. நீளத்தைக் குறைக்க அதுதான். அகலமானதில் சங்கிலி ஓடும், தண்டைச் சுற்றிச் சுருக்குப் போட அதுதான் வேண்டும். இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் இன்னொன்று வைத்து வாங்குங்கள். சுருக்கில் சங்கிலியின் வேலை எடையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். 3.15 டன் அப்போது இரண்டரை டன். உங்கள் டிராக்டருக்கு அதுவும் தாராளம்.

கொக்கியின் கிரேடும் சங்கிலியின் கிரேடும் ஒன்றாக இருக்க வேண்டும். கிரேடு 80 சங்கிலியில் பட்டறைக் கம்பியை வளைத்துச் செய்த 'எஸ்' கொக்கியை மாட்டினால் நீங்கள் வாங்கியது 'எஸ்' கொக்கியின் பலம் மட்டும்தான். ஷேக்கிளிலும் அப்படியே. எடை பதித்த ஷேக்கிள் வாங்குங்கள். பின் தொலைந்துவிட்டது என்று நட்டு போல்ட் போடுகிறார்கள். அந்த போல்ட்தான் தோட்டா.

சங்கிலியில் முடிச்சுப் போடாதீர்கள். முறுக்கோடு இழுக்காதீர்கள். இறுகுவதற்கு முன் கையால் ஒரு முறை கண்ணிகளை நேராக்கிவிட்டு விலகுங்கள். இறுகிய பின் கை போகக் கூடாது.

நாமக்கல்காரருக்கு: கயிற்றை நான் எதிர்க்கவில்லை. சேற்றில் மாட்டிய வண்டியை எடுக்க நல்ல கயிறு நல்லதுதான், வண்டியில் மாட்டுமிடம் உறுதியாக இருந்தால். கயிற்றையும் சங்கிலியையும் சேர்த்துக் கட்டுவது மட்டும் வேண்டாம். கயிறு வில், சங்கிலி அம்பு.

---

நாமக்கல்_லாரி

சேர்த்துக் கட்டுவது நாங்களும் செய்ததுண்டு. இனி இல்லை. என் பங்குக்கு ஒன்று: எதைக் கட்டினாலும் நடுவில் இரண்டு ஈரச் சாக்கைப் போர்த்திவிடுங்கள். அறுந்தால் சாக்கின் எடை முனையைக் கீழே இழுத்துப் போடும், வேகம் குறையும். ஆட்கள் கட்டிய நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு, முகம்தான் முதலில் மாட்டும்.

---

மெக்கானிக்கல்_மூன்றாமாண்டு

புதுப்பேட்டையிலோ பழைய இரும்புக் கடையிலோ குஜராத் ஆலங்கில் உடைத்த கப்பலின் சங்கிலி என்று விற்கிறார்களே, அது?

---

துறைமுக_ரிக்கர்

நங்கூரச் சங்கிலி என்றால் கண்ணி நடுவில் குறுக்குக் கட்டை இருக்கும். எடை சொல்லி மாளாது. கொக்கி பொருந்தாது. மற்றது என்றால், அது என்ன பாடு பட்டது என்று யாருக்கும் தெரியாது. வேண்டுமானால் தடிமன் அளக்கும் வெர்னியர் கொண்டுபோங்கள். கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில்தான் தேய்மானம், பக்கவாட்டில் அளக்காதீர்கள். 10 எம்எம் அங்கே 9 எம்எம் ஆகியிருந்தால் கழிக்க வேண்டியது. சங்கிலியைத் தொங்கவிட்டு ஒவ்வொரு கண்ணியாக விரலால் ஆட்டிப் பாருங்கள். பிடிவாதமாக ஆடாத கண்ணி நீண்டு ஒடுங்கியது. வெட்டுத் தழும்பு, பள்ளம், வளைவு இருந்தாலும் கழியுங்கள். உங்கள் சொந்தச் சங்கிலிக்கும் இதேதான், வருடத்துக்கு ஒரு முறையாவது.

---

கடைமடை

கடற்கரைக்காரர்கள் கவனத்துக்கு: எங்கள் உப்புக் காற்றில் சங்கிலி ஒரே மழைக்காலத்தில் செம்மண் நிறமாகிவிடும். துருவுக்குப் பயந்து துத்தநாகம் பூசிக் கொண்டுவரலாம் என்று நினைத்தேன், ரிக்கர் ஐயா என்ன சொல்கிறீர்கள்?

---

துறைமுக_ரிக்கர்

கிரேடு 80ஐ நீங்களாகப் பூச்சுக்குக் கொடுக்காதீர்கள். பூசுவதற்கு முன் அமிலத்தில் முக்குவார்கள். அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் எஃகுக்குள் போய் நொறுங்கும்படி ஆக்கிவிடும். பார்த்தால் தெரியாது, ஒரு நாள் சொல்லாமல் உடையும். பேட்டரித் தண்ணீரும் அப்படித்தான். உர மூட்டைக்குப் பக்கத்திலும் போடாதீர்கள். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் துடைத்துத் தொங்கவிடுங்கள். போதும்.

---

பேராவூரணி_தென்னை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். திருச்சியில் ஸ்லிங் கடையில் 10 எம்எம் கிரேடு 80 ஆறு மீட்டர் வாங்கினேன், ஒரு முனையில் ஒடுக்கக் கொக்கி, மறுமுனையில் அகலக் கொக்கி. கண்ணியில் 8 என்று பதித்திருக்கிறது, காகிதமும் தந்தார்கள். விலை பழைய சங்கிலியைப் போலப் பல மடங்கு. முதலில் மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து மட்கார்டுப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன், ஒப்பிவிட்டது.

தண்டுகள் எல்லாம் வெளியே போய்விட்டன. மூக்குச் செதுக்கி, மட்டை போட்டு, முதல் கியரில். நாற்பது அடிக்கட்டையில் இருபத்தேழு ரிம் முறையில் வந்தன. ரிம் இரண்டு தடவை சரிந்தது, யாரும் பக்கத்தில் இல்லை. ஆறு கட்டைகள் வரவே இல்லை, டயர் சுற்றியது, விட்டுவிட்டேன். ஏழு கட்டைகள் வாய்க்கால் கரையில் இருக்கின்றன, கரை உடையும் என்று தொடவில்லை. வராதவற்றுக்கும் கரையில் இருப்பவற்றுக்கும் ஜேசிபி வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தொய்யவிட்டு இழுக்கவில்லை. ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை.

---

கிணத்துக்கடவு_தோட்டம்

எடுத்த குழிகளில் உடனே கன்று வைக்காதீர்கள் தம்பி. கொஞ்ச நாள் வெயில் படட்டும்.

---

பட்டறைக்காரன்

பழைய சங்கிலியை என்ன செய்தீர்கள்? யாரிடமாவது கொடுத்து வெல்டிங் வைத்துவிட்டீர்களா?

---

பேராவூரணி_தென்னை

வைத்தேன் அண்ணே. தோப்புக் கேட்டுக்குப் பூட்டுப் போட இரண்டு மீட்டர் தேவைப்பட்டது. மீதி கொட்டகையில் இருந்தது. நேற்று பக்கத்துத் தோப்புக்காரர் வந்து "சும்மாதானே கிடக்கு, ஒரு கட்டை இழுக்கணும்" என்று கேட்டார். புதுசைக் கொடுத்து அனுப்பினேன், கூடவே நானும் போனேன்.